தண்ணி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆடு

நூம்பலில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு வேம்புலியம்மாளுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் பதினேழு வருஷமாக ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறார். தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாகப் பார்ப்பவர் அவர்தான். தையல் விட்டிருந்தாலோ, காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தாலோ, பொத்தான் காஜா பிசிறடித்திருந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகப் போட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை.

இப்படிப் பதினேழு வருஷம் வேலை பார்த்த கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு யாரும் வீட்டுக்கு வர முடியாது. எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர், எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹாலின் நடுவில் நின்று, "அந்த மூணாவது டைல்ஸ் ஒரு நூல் தூக்கினு கீது, பாத்தியா?" என்று கேட்டார். அதுவரை பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஹாலில் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை. அவருடைய வீட்டுக்காரர் எத்திராஜ், சென்னீர்குப்பத்தில் டயர் கடை வைத்திருப்பவர், சட்டை போடுவதையே நிறுத்திவிட்டு டி-ஷர்ட்டுக்கு மாறிவிட்டார். அதிலும் காலர் இல்லாததாகப் பார்த்து வாங்குகிறார்.

அந்த வீட்டுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது மருமகளாக வந்தவள் சுரேகா. எத்திராஜின் தம்பி தினகரனின் மனைவி, ஆவடிப் பெண். மாடியில் குடியிருக்கிறார்கள், சமையல் மட்டும் கீழே எல்லாருக்கும் ஒன்றாக. வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். ஐந்து மணிக்கு வேலை முடியும்; லேப்டாப் முடியாது. அப்புறம் அதில் ஆடு வரும்.

அது ஒரு விளையாட்டு. ஒரு வெள்ளாட்டை நடத்தி, ஓடவைத்து, தாண்டவைத்து, வழியில் விழாமல் அடிபடாமல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விளையாட்டுக் கம்பெனி கொடுத்த லெவல்களையெல்லாம் ஆடி முடித்தவர்கள், தாங்களே புதுசாக லெவல் கட்டி வெளியிடலாம். உலகத்தில் எங்கிருந்தும் யாரும் எடுத்து ஆடிப் பார்க்கலாம். சுரேகா மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு லெவல் கட்டியிருந்தாள். 'மழைக்கு மறுநாள்' என்று பெயர். சாட்சாத் எங்கள் தெருதான். தண்ணீர் நிற்கும் பள்ளங்கள், உடைந்த கால்வாய் மூடி, சாய்ந்த மின்கம்பம், ரிவர்ஸில் பின்பக்கமாக வரும் தண்ணி லாரி, எல்லாம் தாண்டினால் கடைசியில் ஏரிக்கரையும் புல்லும்.

வெளியே விடுவதற்கு முன்னால் நாலு பேரிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொல்வதுதான் முறை. முதலில் தினகரன் ஆடினான். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே, "சூப்பரா கீது சுரேகா" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான். அடுத்தது நான். உள்ளதைச் சொல்கிறேன், மூன்றாவது பள்ளத்தைத் தாண்டி எனக்கு என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஒன்பது தடவை விழுந்தேன். அவள் பக்கத்தில் காபி டம்ளரோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து, "பிரமாதம்மா" என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் சொன்னதை நம்பி அந்தப் பெண் லெவலை வெளியிட்டாள். ஒரு வாரத்தில் இருநூற்றுப் பத்துப் பேர் ஆடினார்கள். ஆறு பேர் முடித்தார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் கீழே எழுதியிருந்ததை வீட்டில் படித்துக் காட்ட முடியாது. படித்துக் காட்டக்கூடியவற்றில் அடிக்கடி வந்தது: லாரிகிட்ட ஆடு மாட்டிக்கொள்கிறது, இதைக் கட்டியவர் ஒரு தடவையாவது ஆடிப் பார்த்தாரா?

சுரேகா அவற்றைப் படித்த அன்று சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த வேம்புலியம்மாள், ஓரகத்தி மாடிப்படியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இன்னாமே, ஊட்ல யார்னா இன்னா சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. அதான் பிரச்னையே. சொல்ல வேண்டியவங்க ஒண்ணும் சொல்லல."

விஷயத்தைக் கேட்டுக்கொண்டதும் அவர் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுக் கையைக் கழுவி முந்தானையில் துடைத்தார். "கொண்டா, நான் பாக்கறேன்."

வாழ்நாளில் அதற்கு முன்னால் அவர் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. எந்தக் கட்டையை அழுத்தினால் நடக்கும், எதை அழுத்தினால் தாண்டும் என்று சுரேகா சொல்லிக்கொடுத்தாள். ஒரு மணி நேரம் ஆடினார். முடித்தபோது அவரிடம் முப்பத்தொரு குறை இருந்தது. ஆட்டுக்கு வால் குட்டை. டீக்கடைப் பலகையில் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மழைக்கு மறுநாள் என்று சொல்லிவிட்டுக் கொடியில் துணி ஏன் காய்ந்துபோயிருக்கிறது? இத்தனை வண்டி போகும் ரோட்டில் ஆட்டை அவிழ்த்துவிட்ட ஆள் எங்கே?

"அக்கா, வால விடுங்க. ஆடறதுக்கு எப்படி இருக்கு?"

"அத்தான் சொல்ல வரேன். இந்தப் பள்ளத்த மூடிடு. லாரிய எட்த்துடு. ஓரமா ஒரு சிமெண்ட் பாதை போட்டுடு."

"பள்ளத்தையெல்லாம் மூடிட்டா ஆடு அதுபாட்டுக்கு நடந்தே போயிடுமே!"

"போவட்டுமே, பாவம்."

சுரேகா லேப்டாப்பைப் படீரென்று மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. ஒரே அடுப்பில் ஒருத்தி சாம்பாரும் ஒருத்தி பொரியலும் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது சுலபமில்லை. உப்பு போட்டாயிற்றா என்பதைக்கூட எத்திராஜ் நடுவில் நின்று இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு நாள் சாம்பாரில் இரண்டு தரம் உப்பு விழுந்தது.

மூன்றாம் நாள் கம்பெனியில் ஒன்று நடந்தது. சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் சோதிக்க ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். வேம்புலியம்மாள் பார்த்து அனுப்பிய நானூறு சட்டையை அப்படியே திருப்பிவிட்டார். காலர் அகலமாக இருக்கிறதாம், பாக்கெட் இன்னும் கொஞ்சம் மேலே இருந்தால் எடுப்பாக இருக்குமாம். சூப்பர்வைசர் அதற்கும் தலையாட்டினார். வேம்புலியம்மாள்தான் அலமாரியைத் திறந்து, வாங்குகிறவர்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிய சாம்பிள் சட்டையை எடுத்துவந்து மேஜையில் விரித்தார்.

"சார், இதான் அவங்க கேட்ட சட்டை. இதே காலரு, இதே பாக்கெட்டு. இதுல இருந்து ஒரு நூல் மாறியிருந்தா சொல்லுங்க, தலையில தூக்கினு போய் பிரிச்சித் தெச்சிக் குடுக்கறேன். உங்களுக்கு எந்தச் சட்டை புடிக்கும்ன்றது வேற. அது ஊட்ல பேசிக்கலாம்."

இன்ஸ்பெக்டர் டேப்பை வைத்து அளந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார். லைனில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். வேம்புலியம்மாளும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வேனில் வானகரம் வரைக்கும்தான் நீடித்தது என்று அவரே பிறகு சொன்னார். அங்கே நெரிசலில் வண்டி நின்றபோதுதான், ஆட்டு விஷயத்தில் தானே அந்த இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டது புரிந்ததாம். சாம்பிள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல் முப்பத்தொரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடி ஏறினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சுரேகா, உன் சாம்பிளு எங்கமே?"

"என்ன சாம்பிளு?"

"நீ இன்னா நெனச்சி அத கட்டுன? எந்த எடத்துல இன்னா ஆவணும்னு உன் மனசுல ஒண்ணு இருந்திருக்கும்ல? அத சொல்லு மொதல்ல."

இரண்டு நாள் கோபத்தில் இருந்தவளிடம் இப்படிக் கேட்டால் அவள் என்னதான் செய்வாள்? சுரேகா சொல்லிவிட்டாள். முதல் இரண்டு பள்ளம் பழகிக்கொள்ள. மூன்றாவது பள்ளத்தில் ஆடுகிறவருக்குப் பயம் வர வேண்டும், உள்ளங்கை வேர்க்க வேண்டும். லாரிகிட்ட சிரிப்பு வர வேண்டும், ஏனென்றால் அதன் முதுகில் ஏறிச் சவாரி போகலாம். கடைசியில் ஏரி தெரியும்போது மூச்சு விட வேண்டும். "அவ்வளவுதாங்க்கா. ஆட்டு வால பத்தி நான் எதுவுமே நெனைக்கல."

"தோ பாரு, இப்ப புரியுது. ஞாயித்துக்கெழம குந்தி பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் கீழே கூடத்தில் உட்கார்ந்தார்கள். கம்பெனியிலிருந்து ஒரு பட்டை அம்பு ஸ்டிக்கர் எப்படியோ வீட்டுக்கு வந்திருந்தது. ஆடு முதல் தடவை விழுந்ததும் அவர் ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்து லேப்டாப் திரையில் அந்தப் பள்ளத்தின் மேலேயே ஒட்டினார். ஆடு நகர்ந்தது, தெரு பின்னால் போனது, ஸ்டிக்கர் அங்கேயே இருந்து, ஒரு டீக்கடையையும், ஒரு மின்கம்பத்தையும், எந்தப் பாவமும் அறியாத ஒரு வேப்பமரத்தையும் வரிசையாகக் குற்றம்சாட்டிக்கொண்டு வந்தது. ஆறாவது ஸ்டிக்கருக்குப் பிறகு ஆடே கண்ணுக்குத் தெரியவில்லை. சுரேகா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு நோட்டைக் கொடுத்தாள்.

அடுத்த தொந்தரவு சுரேகாவிடமிருந்து வந்தது. அவளால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "இப்ப, இப்ப... ஐயோ, அங்க தாண்டணும்க்கா!" "அந்த மூடி மேல கால வைக்காதீங்க!" "கொஞ்சம் பின்னால போய் ஓடி வாங்க!"

வேம்புலியம்மாள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "ஏம்மே, ஆடறவங்க எல்லார் ஊட்டுக்கும் நீயே போயி பின்னாடி நின்னுகினு சொல்லுவியா?"

சுரேகா துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். அன்று மதியம் வரைக்கும் அவள் பட்ட பாடு பிரசவ வேதனைக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று தினகரன் சொன்னான். அவன் அப்போதும் போனில்தான் இருந்தான்.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் ரிப்போர்ட் எழுதும் கை அல்லவா, எந்த இடம், என்ன செய்தேன், என்ன ஆனது, எத்தனை தரம் என்று இருக்கிறது. ஆட்டு வாலைப் பற்றி எங்கேயும் இல்லை. பள்ளத்தை மூடச் சொல்லி இல்லை. 'கால்வாய் மூடி. மேலே நின்றேன். உடைந்தது. உடையும் என்று தெரியவில்லை. 2 தரம்.' 'மின்கம்பம். எதுவும் ஆகவில்லை. 4 தரம்.' இப்படி.

அதில் ஒரு பக்கம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 'தண்ணி லாரி. நின்றேன். லாரி வந்தது. ஆடு லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சாகவும் இல்லை, வரவும் இல்லை. 3 தரம்.'

சுரேகா உடனே ஆடிப் பார்த்தாள். மாட்டவில்லை. மறுபடி ஆடினாள். ஆடு அழகாகத் தாண்டி லாரி மேல் ஏறிச் சவாரி போனது.

"எனக்கு ஆகலியேக்கா. நீங்க ஏதோ தப்பா அழுத்தியிருப்பீங்க."

"நீ எங்க நின்ன? ஓடிகினே போற. லாரி பின்னாடி வரசொல்ல யாராவது ஓடிப்போய் அது மேல குதிப்பாங்களா? நின்னு, வண்டிய போவ உட்டுட்டு, அப்பால போவணும். நம்ம தெருவுல நீ அப்படித்தான போற?"

சுரேகா ஆட்டை நிறுத்தினாள். லாரி பின்பக்கமாக வந்தது, வந்தது, ஆட்டைச் சுவரோடு சேர்த்து ஒட்டிவிட்டு நின்றது. ஆடு உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருந்தது. மூன்று வாரமாக நூறு தடவைக்கு மேல் ஆடியவள் ஒரு தடவைகூட அந்த இடத்தில் நின்றதில்லை. அவள்தான் கட்டினாள், அவளுக்கு எப்போது தாண்ட வேண்டும் என்று தெரியும். தெரியாத இருநூறு பேர் மரியாதையாக லாரிக்கு வழிவிட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். லேப்டாப்பை விட்டுவிட்டு, "அக்கா!" என்று ஒரு கத்து கத்தினாள். சமையல்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த எத்திராஜ் கத்தியோடு ஓடி வந்தார்.

நோட்டில் இன்னும் மூன்றாவது பள்ளம்தான் பாக்கி. லாரிகிட்ட போய்ச் சேருவதற்குள் அங்கே வேம்புலியம்மாள் இருபத்திரண்டு தடவை விழுந்திருந்தார். நானாக இருந்தால் அதற்குள் வீட்டில் அவசர வேலை வந்திருக்கும். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் எழுதியது ஒரே வரி: 'இங்கே பயம் வரவில்லை. கோபம் வந்தது.'

அதைப் படித்ததும் சுரேகாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப அந்தப் பள்ளமே வேணாம்னு சொல்றீங்களா?"

ஆமாம், மூடிவிடு என்று வேம்புலியம்மாளுக்கு வாய் வரைக்கும் வந்தது; பக்கத்திலேயே இருந்த எத்திராஜ் அதைப் பார்த்தாராம். ஒரு மடக்கு தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளிவிட்டு, "அது உன் வேல. எனக்கு இன்னா ஆச்சோ அத சொன்னேன்," என்றார். பிறகு யோசித்து, "பள்ளத்துல உய்ந்ததுக்குக் கோவம் வரல. உய்ந்தா மறுபடி தெருமுனைல இருந்து வரவேண்டிகீது பாரு, அதுக்குத்தான் வந்துச்சி," என்றார்.

சுரேகா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பள்ளத்தில் அவள் கை வைக்கவே இல்லை. அதற்குப் பத்தடி முன்னால் ஒரு கம்பத்தில் சின்னக் கொடி ஒன்றை நட்டாள். அதைத் தொட்டுவிட்டால், விழுந்த ஆடு அங்கிருந்தே மறுபடி கிளம்பும். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஆடு ஒதுங்க ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து விட்டாள். கால்வாய் மூடியில் ஒரு விரிசல் வரைந்தாள். சாயங்காலம் வேம்புலியம்மாள் மறுபடி ஆடினார். மூன்றாவது பள்ளத்துக்கு முன்னால் ஆட்டை நிறுத்திவிட்டு, உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். சுரேகா அதைப் பார்த்துவிட்டாள்.

ஐந்தாவது தடவை ஆடு தாண்டிவிட்டது. லாரி முதுகில் ஏறிப் போகும்போது வேம்புலியம்மாள் குலுங்கிச் சிரித்ததை நான் எங்கள் வாசலில் இருந்தே கேட்டேன். ஏரி வந்ததும், "அப்பாடா," என்றார். அதையும் நோட்டில் எழுதச் சொல்லி சுரேகா கேட்டு வாங்கிக்கொண்டாள். கம்பெனியில் நன்றாக இருக்கிற தையலுக்கு ஒட்ட ஸ்டிக்கர் கிடையாது. அதனால் நல்லதைச் சொல்லும் பழக்கமே விட்டுப்போய்விட்டது என்று வேம்புலியம்மாள் சொன்னார். சொல்லாவிட்டால் கட்டியவள் அடுத்த தடவை அதையும் சேர்த்துக் கலைத்துவிடுவாள் என்பது சுரேகாவின் பயம்.

மறுபடி வெளியிட்ட லெவலை இரண்டு மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் ஆடினார்கள். மூன்றில் ஒருவர் முடித்தார். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ரொம்பச் சுலபமாக இருக்கிறது என்று ஒருவன் எழுதினான். அவனை வீட்டுக்கு வரவழைக்க முடியுமா என்று வேம்புலியம்மாள் விசாரித்தார்.

ஆனால் லெவல் கட்டுகிறவர்களுக்கு என்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் சுரேகா அந்த நோட்டின் நாலு பக்கத்தைப் படம் பிடித்து, 'டெஸ்டர்: வேம்பு' என்று எழுதிப் போட்டாள். அவ்வளவுதான். கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகும் தினகரன்களே நிறைந்திருந்த ஊரில், ஒரு நோட்டுக்காரர் கிடைத்துவிட்டார். ஒவ்வொருவராகத் தங்கள் லெவலை அனுப்பத் தொடங்கினார்கள். அனுப்பினவர்களில் ஒருவன் ஆசிம். குமணன்சாவடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவன் கட்டிய லெவல் ஒரு மாவு மில். அதற்கு இருபத்தாறு குறிப்பு போனது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு விடுமுறை மதியம் பைக்கில் ஆளே வந்து நின்றான். வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "இங்க வேம்புன்னு ஒருத்தர் இருக்காராமே, டெஸ்டர்... அவர கொஞ்சம் கூப்பிடறீங்களா?" என்றான்.

"நான்தான். இன்னா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தான். தயார் செய்து கொண்டுவந்திருந்த கோபம் ஒரு இருபது வயசுப் பையனுக்கானது போலிருக்கிறது; ஒரு அம்மாவிடம் எப்படிச் செலுத்துவது என்று தெரியவில்லை.

"அக்கா, நீங்க எழுதனதுல பாதி நான் வேணும்னே வச்சது. அந்த பெல்ட் பின்பக்கமா ஓடறது, மேல இருந்து மூட்ட உழறது, எல்லாம் வேணும்னே."

"சரி, வேணும்னே வெச்சதுன்னா உட்டுடு. எனக்கு ஆனத நான் எழுதுனேன். மாத்தறது மாத்தாதது உன் இஷ்டம்."

"நீங்க சண்ட போடுவீங்கன்னு நெனச்சேன்."

"மூட்ட உழறதுக்கு முன்னாடி ஒரு சத்தமாவது வரணும்னு எனக்குத் தோணுது. ஆனா அத நான் எழுதல பாரு."

ஆசிம் சிரித்துவிட்டான். சுரேகா டீ போட்டுக் கொடுத்தாள். மூன்று பேரும் படியில் உட்கார்ந்து நோட்டை விரித்து ஒரு மணி நேரம் பேசினார்கள். இருபத்தாறில் பதினொன்றை அவன் சரிசெய்தான், பதினைந்தை அப்படியே விட்டான். மூட்டை விழுவதற்கு முன்னால் இப்போது 'கிரீச்' என்று ஒரு சத்தம் வருகிறது. அது தன் சொந்த யோசனை என்று அவன் குழுவில் எழுதியிருந்தான். வேம்புலியம்மாள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததைத் தெருவில் நாலு பேரிடம் சொன்னார்.

கிளம்பும்போது ஆசிம், அடுத்த லெவல் முக்கால்வாசி முடிந்துவிட்டது, எப்போது அனுப்பலாம் என்று கேட்டான். வேம்புலியம்மாள் எழுந்துபோய் மிளகாயைக் கையால் துழாவிப் பரப்பினார்.

"ஞாயித்துக்கெழம மட்டும்தான். அதுவும் கறி அடுப்புல ஏறுனப்புறம். உனக்கு முன்னாடி ஏழு பேர் கீறாங்க, நீ எட்டாவது."

சரிக்கா என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை உதைத்தான்.